பெர்னூலியும் சீமைக்கருவேலமும்

விமானம் ஏன் பறக்கிறது என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த விளக்கம் தப்பு. இறக்கையின் மேற்புறம் வளைவு, அடிப்புறம் தட்டை. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். அதனால் அது வேகமாக ஓடி, கீழே போன காற்றோடு பின்விளிம்பில் சரியாகச் சேர்ந்துகொள்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பெர்னூலி சொல்லியிருக்கிறார். ஆகவே விமானம் எழும்புகிறது. கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டுவிட்டு “புரிஞ்சுதா?” என்பேன். “புரிஞ்சுது சார்” என்பார்கள். பிரிந்துபோன இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று யார் உத்தரவு போட்டது என ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. உண்மையில் மேலே போகும் காற்று முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீழே வரும் கூட்டாளிக்காக அது காத்து நிற்பதில்லை.

இது எனக்குத் தெரியவந்தது ஓய்வு பெற்ற பிறகு, ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்து பறக்கவிடுகிறேன் பேர்வழி என்று கிளம்பியபோது. பெட்டியைப் பிரித்தால் இறக்கை வெறும் போம் ஷீட். மேலும் தட்டை, கீழும் தட்டை. “இது பறக்காதுடா, மேல வளைவே இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

“சார், பஸ்ல போறப்ப ஒரு நோட்டு அட்டைய வெளிய நீட்டி லேசாச் சாய்ச்சுப் பிடிங்க. தூக்கும்ல? அட்டையில என்ன வளைவா இருக்கு? காத்தைக் கீழ தள்ளுனா அது நம்மள மேல தள்ளும். நியூட்டன் மூணாவது விதி. நீங்கதான சார் நடத்துனீங்க?”

நான்தான் நடத்தினேன். கேட்டவன் என்னிடம் படித்தவன். இயற்பியலில் அவனுக்கு நான் போட்ட மதிப்பெண்ணை இங்கே எழுதினால் எங்கள் இருவருக்குமே மரியாதையாக இருக்காது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து அங்கே மாதிரி விமானம் கட்டக் கற்றுக்கொண்டவன். இப்போது மதுரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஞாயிறுதோறும் என்னைப் பறக்கப் பழக்குவது அவன் தலையில் விழுந்த பொறுப்பு.

முதலில் நான் கேட்டது ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரில் பறந்தது, பார்க்க லட்சணமாக இருக்கும். அவன் சிரிக்காமல் தலையாட்டினான். இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும் வேகமான விமானம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஆகாதாம். எனக்கென்று அவன் தேர்ந்தெடுத்தது ஒரு பயிற்சி விமானம். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பாதியும் நடுவிலிருந்து கொஞ்சம் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து சறுக்கினால் தாழ்ந்த பக்கத்து இறக்கைக்குத் தூக்குவிசை கூடுதலாகக் கிடைக்கும், விமானம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். பொம்மை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு வருத்தம்.

அந்த வருத்தத்தில் கொஞ்சம் வரலாறு படித்தேன். 1871-ல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர், முறுக்கிய ரப்பரில் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். அதிலும் இறக்கையின் நுனிகள் மேல்நோக்கி மடிந்தவை. 11 விநாடி தடுமாறாமல் பறந்துபோய் இறங்கியது. ரைட் சகோதரர்களுக்குச் சின்ன வயதில் அவர்கள் அப்பா வாங்கிவந்து கொடுத்த பறக்கும் பொம்மைகூட இந்தப் பெனோவின் வடிவமைப்பில் வந்ததுதான். இதையெல்லாம் அவனிடம் ஒரு வகுப்பாகவே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுல ரிமோட் கிடையாதுல்ல சார், அதான் ஒழுங்காப் பறந்திருக்கு” என்றான். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விமானத்தைக் கூட்டிச் சேர்க்கும் வேலையை நானே செய்வதாகச் சொல்லி அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். சாப்பாட்டு மேசைதான் பட்டறை. மூக்குப் பகுதிக்கு உறுதி போதாது என்று பட்டது. டி.வி. வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோலை வெட்டி, சட்டென்று ஒட்டும் பசை இரண்டு சொட்டு விட்டு அழுத்தினேன். ஒட்டவில்லை. இன்னும் நாலு சொட்டு. அழுத்திய இடத்தில் தெர்மாகோல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. கரையாமல் மிஞ்சியது என் ஆள்காட்டி விரலும் கட்டை விரலும்தான். அவை மட்டும் அருமையாக ஒட்டியிருந்தன. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனைவி கேட்டாள், “இத ஒட்டுறதுக்குத்தான் ரிட்டயர் ஆனீங்களா?”

அடுத்தது சர்வோ. இறக்கையிலும் வாலிலும் இருக்கும் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார், ஒன்பது கிராம் எடை. மின்சாரம் கொடுத்து அதை நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் கையை மாட்டித் திருக வேண்டும். இது ஏட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் கையை அழகாக நேராக மாட்டி, கம்பியை இணைத்து, எல்லாம் முடிந்த பிறகு மின்சாரம் கொடுத்தேன். சர்வோ ‘கிர்’ரென்று தன் நடுநிலைக்குத் திரும்பியது. வாலில் இருந்த எலிவேட்டர் பாதி மேலே மடங்கி நின்றுவிட்டது. கழற்றி, மறுபடி மாட்டி, கம்பியை வளைத்து. வளைத்ததில் கம்பி ஒடிந்தது. சைக்கிள் கடையில் ஒரு போக்ஸ் கம்பி வாங்கி வந்தேன். அது நன்றாகவே உழைக்கிறது. இந்த விமானத்தில் நான் சொந்தமாகச் சிந்தித்துச் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

மோட்டார் சமாச்சாரத்தை முழுதாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது ஆயிரம் கே.வி. மோட்டார். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் ஆயிரம் சுற்று என்று பொருள். மூன்று அறை கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி 11.1 வோல்ட். பெருக்கினால் சுமையில்லாமல் 11,100 சுற்று. விசிறியை மாட்டினால் குறையும், ஆனாலும் விரலுக்கு அது போதும். இந்தப் பெருக்கலைத் தாளில் எழுதி அடிக்கோடும் போட்டேன். போட்டுவிட்டு, விசிறியைக் கழற்றாமலே, மேசைமேல் வைத்து, த்ராட்டிலைக் கொஞ்சமாகத் தள்ளினேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. விமானம் பின்னோக்கிப் புறப்பட்டு என் நெஞ்சில் வந்து முட்டியது.

மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. அதற்கு மருந்து எளிது. மூன்று ஒயரில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் திசை மாறிவிடும். மாற்றினேன். இப்போது முன்னோக்கித்தான் போனது, ஆனால் இழுவை போதவில்லை. விசிறியில் அளவு எண்கள் அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். என் விசிறியில் அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. திருப்பி மாட்டினேன். மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. அதனால் விமானம் மேசையின் முழு நீளத்தையும் ஓடி, எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பிடித்தது. அந்த வருஷத்தில் மிச்சமிருந்த நாட்களில் பெரும்பகுதி கூடமெங்கும் பறந்தது. முகூர்த்த நாள் பார்க்க இப்போதும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறோம்.

மேசையில் சோதிக்கும்போது விசிறி கழற்றியிருக்க வேண்டும். ரிமோட்டை முதலில் போட வேண்டும், கடைசியில்தான் அணைக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும். இவற்றை என் மாணவன் சொல்லியிருந்தான், நான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

பேட்டரியின் கதை இன்னும் கொஞ்சம் மோசம். ஒவ்வோர் அறையும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். பறக்கப் போவதில்லை என்றால் 3.8 அளவில் நிறுத்திவைக்க வேண்டும். முழுதாக ஏற்றி அப்படியே விட்டால் உள்ளே வாயு சேர்ந்து வீங்கும். நானோ முழுதாக ஏற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். சித்திரை வெயில். திரும்பி வந்து பீரோவைத் திறந்தால் பேட்டரி கர்ப்பமாக இருந்தது. மேலே மனைவியின் கூறைப்பட்டு. இந்த வகைப் பேட்டரி தீப்பிடித்தால் லேசில் அடங்காது என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் பழைய மீன்குழம்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறேன். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் போவதில்லை, முடியும்வரை பக்கத்திலிருந்து எழுந்திருப்பதும் இல்லை. பொறுப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். என்னை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைப்பது கூறைப்பட்டின் சொந்தக்காரி.

எங்கே பறக்கவிடுவது? மொட்டை மாடியில் என்றேன். எங்கள் வீடு அவனியாபுரம் பக்கம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை அவன் செல்போனில் திறந்து காட்டினான். எங்கள் தெரு சிவப்புக்குள் இருந்தது. “சார், நெசமான விமானம் எறங்குற எடம் இது.” 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சைப் பகுதியில் 400 அடிவரை பறக்கவிடலாம். ஆகவே சிவகங்கைச் சாலையில் வெகுதூரம் போய் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயைக் கண்டுபிடித்தோம். ஆள் நடமாட்டம் இல்லை, மின்கம்பி இல்லை, சாலை தள்ளி இருந்தது. இருந்ததெல்லாம் சீமைக்கருவேலம். இவ்வளவு பெரிய வெட்டவெளியில் ஓரமாக நிற்கும் அந்த மரங்கள் என்ன செய்துவிடப் போகின்றன என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டுப் பழகுங்கள் என்றான். வீடியோ கேம் ஆடுகிற வயதா எனக்கு? வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே தனியாகப் போய்விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, சோதனையெல்லாம் செய்தேன். விமானத்தை என்னைப் பார்க்கும்படி நிறுத்தி, குச்சியை வலது பக்கம் தள்ளினேன். என் வலது பக்கத்து இறக்கையில் எய்லரான் என்ற மடிப்பு மேலே எழுந்தது. பிரமாதம். காற்றை எதிர்த்து ஓடி, கிடைமட்டமாக, பக்குவமாக வீசினேன்.

எழும்பியது. அந்த நேரம் நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன். இன்னும் இடதுபக்கம் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தேன். அது எனக்கு உதவுவதாக எண்ணி முழுதாகச் சுழன்று, கருவேல மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டிய சோதனையை முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். என் வலது அதன் இடது. கண்ணாடியில் இடவல மாற்றம் என்று வருஷாவருஷம் கேள்வி எடுத்த மனுஷன் நான்.

ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி கையில் தொரட்டியோடு வந்து நின்றார். “ஏய்யா, காத்தாடியா?”

“விமானம்மா.”

“ஆத்தாடி! ஆளு ஆரும் உள்ள இல்லையே?”

தொரட்டியால் அவரே இறக்கிக் கொடுத்தார். அந்தக் கண்மாயில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையான வார்த்தை அவருடைய கவலைதான். பின்வந்த வாரங்களில் என்னைக் கண்டதும், “வாத்தியாரே, இன்னைக்கி எந்த மரம்?” என்று கேட்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டோம். டீக்காசு என் கணக்கு. நான் பறக்கவிடுமுன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேல் ஏறிவிடுவது அவர் கணக்கு. பாதுகாப்பு விதிகளில் முக்கியமானது, ஆளுக்கும் மாட்டுக்கும் மேலே பறக்கவிடக் கூடாது என்பது. அதை எங்கள் கண்மாயில் ஒழுங்காக நடைமுறைப்படுத்தியவர் அவர்தான்.

ஞாயிறு மாணவன் வந்தான். எய்லரானைத் திருத்தினான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினான். பேட்டரியை முன்னே தள்ளி ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்தான். விமானம் விரலில் மட்டமாக நின்றது. பேட்டரியை அங்கே வைத்தால் மூடி சரியாக மூடவில்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பி காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் அதைச் சும்மா ஒரு விரற்கடை பின்னால் தள்ளி மூடிவிட்டேன். மூடி அழகாக மூடிக்கொண்டது. வால் கனத்த விமானம் மூக்கை வானத்துக்கு நீட்டியது, வேகம் செத்தது, ஒரு கணம் நின்றது, கல்லாக விழுந்தது. மூக்கு முழுதும் நொறுங்கியது. அவன் குனிந்து மூடியைத் திறந்து பேட்டரியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. வகுப்பில் அவன் விடைத்தாளை நான் எப்படி வைத்துக்கொண்டு நின்றிருப்பேன் என்று அப்போது தெரிந்தது.

வைகாசியில் ஒருவழியாகப் பறக்கத் தொடங்கியது. என்னைவிட்டுப் போகும்போது ஒழுங்காகப் போகும். திரும்பி என்னை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிவிடும், கை குழம்பும், மரம். “எதிர்ல வர்றப்ப எந்த ரெக்கை கீழ சாயுதோ அந்தப் பக்கமே குச்சியத் தள்ளுங்க சார், முட்டுக்கொடுக்கிற மாதிரி” என்று சூத்திரம் சொன்னான். சூத்திரம் மனப்பாடம். விரலுக்குத்தான் பாடம் போகவில்லை. ஒருநாள் கோபத்தில், “என் கண்ணு முன்ன மாதிரி இல்லடா” என்று சொல்லி வைத்தேன். ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதியாகவும் இருந்தது.

அந்த வார நடுவில் அவன் ஒரு கட்டுரையை அனுப்பினான். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், 2003 ஆகஸ்டில், தன் 77-ஆம் வயதில், பால்சா மரத்தில் கட்டிய மாதிரி விமானத்தை அட்லாண்டிக் கடலைத் தாண்ட வைத்தவர். நியூஃபவுண்ட்லாந்தில் புறப்பட்டு 38 மணி 52 நிமிடம் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். எரிபொருளோடு சேர்த்து எடை ஐந்து கிலோவுக்குள். கடலின்மேல் அதை ஓட்டியது தானியங்கிக் கருவி. ஹில்லுக்கு அப்போது பார்வையும் கேட்கும் திறனும் பெரும்பாலும் போயிருந்தன. கட்டுரைக்குக் கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை. ஒரு வணக்கம் குறி மட்டும் போட்டிருந்தான். அதன்பிறகு கண்ணைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஆடி வந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் விமானமும் பறந்தது, பின்னோக்கி. முழு வேகத்தில் மேற்கே மூக்கை வைத்துக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்த அந்தக் காட்சியை, சார்பியக்கம் நடத்தும் எந்த ஆசிரியருக்கும் இலவசமாகச் செய்துகாட்டத் தயார். பாட்டி கரைமேல் நின்று, “வாத்தியாரே, அது ஊருக்குப் போகுது” என்று கத்தினார்.

புரட்டாசி மாலைகள்தான் கைகொடுத்தன. காற்று அடங்கியிருந்தது. நல்ல உயரத்தில் விமானம் சாய்ந்தபோது, பழக்கதோஷத்தில் என் விரல் பாய்ந்தது. “சார், கைய எடுங்க” என்றான். எடுத்தேன். சாய்ந்த விமானம் தானாகவே மெல்ல நிமிர்ந்தது, பெனோவின் பொம்மை மாதிரியே. மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. இத்தனை மாதமாக அது தன்பாட்டுக்குப் பறக்கத் தயாராக இருந்திருக்கிறது. நான்தான் விடாப்பிடியாகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வட்டம் அடித்தேன், வேகம் குறைத்தேன், கண்மாய் நடுவில், மரமில்லாத இடத்தில் இறக்கினேன். பாட்டி தொரட்டியை வெறுமனே ஊன்றிக்கொண்டு நின்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

பெருமை தாங்காமல் விமானத்தை எடுக்க ஓடினேன். ரிமோட் கழுத்தில் வாரோடு தொங்கியது. குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக்கூடு த்ராட்டிலைத் தள்ளிவிட்டது. விசிறி என் வேட்டி நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டது. போனது அரை முழம் துணி மட்டும். அதற்கு மேல் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மோட்டாரைப் பூட்டிவைக்கும் சுவிட்ச் ஒன்று ரிமோட்டிலேயே இருக்கிறது. அன்று இரவே அவன் அதை அமைத்து, பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிக்கொடுத்தான். வேட்டியைப் பார்த்த மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கூறைப்பட்டை மட்டும் பீரோவிலிருந்து எடுத்து, தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டது. மாசி வரை சக்கரம் கழற்றி வையுங்கள் சார், பேட்டரியை 3.8-ல் வையுங்கள், இந்த இடைவெளியில் சிமுலேட்டராவது பழகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்களுக்குச் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள் போதுமாம். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. சாப்பாட்டு மேசையில் நீலப் போம் ஷீட்டைப் பரப்பி நேற்றுதான் வெட்ட ஆரம்பித்தேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டியிடம் மட்டும், பரிசல் ஓட்டுகிறவர் யாரையாவது தெரியுமா என்று கேட்டுவைத்திருக்கிறேன்.